வரும் மெயிலுக்கெல்லாம் இன்னொரு சர்வரில் ஒரு நகல்: ஃபார்வேர்டிங் அமைப்பது எப்படி?

மெயில்தான் சர்வரில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு நகல் என்று கேட்பவர்கள் உண்டு. சர்வரில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு பிரதி. ஃபோனில் பார்ப்பதும் லேப்டாப்பில் பார்ப்பதும் பிரவுசரில் பார்ப்பதும் அந்த ஒன்றைத்தான். ஃபோனில் விரல் தவறி ஒரு மெயிலை அழித்தால் மற்ற இடங்களிலும் அது காணாமல் போகும். ஜிமெயில் என்றால் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம், இல்லையென்றால் போனது போனதுதான். கணக்கு முடங்கினாலோ, பாஸ்வேர்டு வேறொருவர் கைக்குப் போனாலோ, பழைய முகவரி மூடப்பட்டாலோ அந்த ஒரே பிரதியும் நம் கையை விட்டுப் போய்விடும்.

இதற்குச் சுலபமான வழி ஃபார்வேர்டிங். நமக்கு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகலை இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடும்படி சர்வரிடமே சொல்லி வைத்துவிடலாம். நம் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், ஃபோனில் நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அமைக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் அமைக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடிக்க மறந்தால், நகல் எடுப்பதற்குப் பதிலாக மெயிலை அப்படியே இடம் மாற்றிவிடுவோம். அப்போதும் கையில் இருப்பது ஒரு பிரதிதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

சிங்க் வேறு, நகல் வேறு

மெயிலை சர்வரிலிருந்து எடுத்துப் படிக்க இரண்டு முறைகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஒன்று பாப். 1984-ல் வந்தது. மெயிலை நம் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு, சர்வரில் இருப்பதை அழித்துவிடுவது இதன் பழைய வழக்கம். இன்றும் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் பாப் கணக்கு வைத்திருப்பவர்கள் ‘லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்’ என்ற கட்டத்தையும், அதன் கீழே எத்தனை நாள் என்று கேட்கும் எண்ணையும் பார்க்கலாம். அந்த எண் 14 என்று இருந்தால், இரண்டு வாரம் கழிந்ததும் அந்த மெயில் சர்வரில் இருக்காது. பாப் பயன்படுத்துபவர்கள் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இந்த எண்ணைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று ஐமேப். 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. மெயில் சர்வரிலேயே இருக்கும், நாம் பார்க்கும் ஒவ்வொரு சாதனமும் அதை அப்படியே காட்டும். இதைத்தான் சிங்க் என்கிறோம். கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. ஆள் நகர்ந்தால் உருவமும் நகர்ந்துவிடும். மூன்று சாதனங்களில் ஒரே மெயில் தெரிவதைப் பார்த்து மூன்று நகல்கள் இருப்பதாக எண்ணிக்கொள்வது இதனால்தான். இருப்பது ஒன்றே.

ஃபார்வேர்டிங் இந்த இரண்டிலிருந்தும் மாறுபட்டது. மெயில் நம் சர்வரை வந்தடைந்த உடனே அதன் நகல் ஒன்று கிளம்பி வேறொரு சர்வருக்குப் போகிறது. அதன் பிறகு அசலுக்கும் நகலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே அழித்தால் அங்கே அழியாது, இங்கே பூட்டினால் அங்கே பூட்டிக்கொள்ளாது. நகலுக்கு நாம் எதிர்பார்க்கும் குணமே இந்தத் தொடர்பின்மைதான். கீழே சொல்லப்போகும் யோசனைகள் பெரும்பாலும் இதைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான்.

நகலை எங்கே வைப்பது?

புதிதாக ஒரு கணக்கு தொடங்குங்கள். ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருக்கும் கணக்கில் கொட்டினால், நகல்களும் உங்கள் அன்றாட மெயில்களும் கலந்து இரண்டுமே உபயோகமில்லாமல் போகும்.

முடிந்தால் வேறு நிறுவனத்தின் சேவையில் தொடங்குங்கள். முதல் கணக்கு ஜிமெயில் என்றால் நகல் கணக்கு அவுட்லுக்கில் இருக்கட்டும், அல்லது அதற்கு நேர்மாறாக. ஒரே நிறுவனத்தில் இரண்டு கணக்கு வைத்தாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல்தான். இருந்தாலும் ஒரு சேவை முழுக்கப் படுத்துவிடும் நாளில் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

பாஸ்வேர்டு வேறாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பலரும் கோட்டைவிடும் இடம் மீட்பு முகவரி. நகல் கணக்கைத் தொடங்கும்போது ‘பாஸ்வேர்டு மறந்தால் எந்த மெயிலுக்கு அனுப்புவது’ என்று கேட்கும். கை தன்னாலே முதல் கணக்கின் முகவரியை அடித்துவிடும். அப்படிக் கொடுத்தால், முதல் கணக்குக்குள் நுழைந்தவர் அங்கிருந்தே நகல் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு சர்வரில் வைத்த நகல் ஒரே சாவியில் திறந்துவிடும். மீட்புக்கு ஃபோன் எண்ணையோ, வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியையோ கொடுங்கள். இரண்டு கணக்குகளிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கான பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். இலவச ஜிமெயில் கணக்கில் 15 ஜிபி. ஆனால் அது ட்ரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேர்த்து. நகல் கணக்கில் படங்களை ஏற்றாமல் மெயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால், சாதாரணமாக மெயில் பயன்படுத்துபவருக்கு அது பல ஆண்டுகள் தாங்கும்.

ஜிமெயிலில் படிப்படியாக

இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்ய வேண்டும். ஃபோனில் இருக்கும் ஜிமெயில் செயலியில் இந்த வசதி கிடையாது.

1. நகல் எடுக்க வேண்டிய கணக்கில் நுழைந்து, வலது மேல் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்துங்கள். ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. மேலே வரிசையாக இருக்கும் டேப்களில் ‘ஃபார்வேர்டிங் அண்ட் பாப்/ஐமேப்’ என்பதற்குப் போங்கள். முதலிலேயே ‘ஆட் எ ஃபார்வேர்டிங் அட்ரஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதில் நகல் கணக்கின் முகவரியைக் கொடுங்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

3. ஜிமெயில் அந்த முகவரிக்கு உறுதிப்படுத்தும் மெயில் ஒன்றை அனுப்பும். நகல் கணக்கைத் திறந்து, அதில் உள்ள இணைப்பை அழுத்துங்கள். இன்பாக்ஸில் காணவில்லை என்றால் ஸ்பேமில் தேடுங்கள். முகவரியின் உரிமையாளர் சம்மதிக்காமல் யாரும் யாருக்கும் மெயிலைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் படி.

4. மறுபடி முதல் கணக்குக்கு வந்து பக்கத்தை ஒருமுறை ரீலோடு செய்யுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுவிடும் இடம் இது. உறுதிப்படுத்தியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். இன்னும் ஃபார்வேர்டிங் தொடங்கவில்லை. ‘ஃபார்வேர்டு எ காப்பி ஆஃப் இன்கமிங் மெயில் டு’ என்பதற்கு முன்னால் உள்ள வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நகல் முகவரியைப் பட்டியலில் காட்டுங்கள்.

5. அதே வரியில் இன்னொரு பட்டியல் இருக்கும். ஃபார்வேர்டு செய்தபின் ஜிமெயிலில் உள்ள மெயிலை என்ன செய்வது என்று கேட்கும். நான்கு தேர்வுகள்: இன்பாக்ஸிலேயே வைப்பது, படித்ததாகக் குறிப்பது, ஆர்கைவ் செய்வது, அழிப்பது. முதலாவதை, அதாவது ‘கீப் ஜிமெயில்ஸ் காப்பி இன் தி இன்பாக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசித் தேர்வின் பக்கமே போக வேண்டாம்.

6. பக்கத்தின் அடிவரை இறங்கி ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துங்கள். அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் பதிவாகாது.

இதன் பிறகு சுமார் ஒரு வாரத்துக்கு இன்பாக்ஸின் மேலே, உங்கள் மெயில் இன்ன முகவரிக்கு ஃபார்வேர்டு ஆகிறது என்ற அறிவிப்பு தெரியும். பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது இதை அமைத்துவிட்டால் தெரியட்டும் என்பதற்காகக் காட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் வேண்டாம், சில மெயில்களுக்கு மட்டும் நகல் போதும் என்றால் ஃபில்டரைப் பயன்படுத்தலாம். முதல் மூன்று படிகளை மட்டும் செய்துவிட்டு, வட்டத்தை ‘டிசேபிள் ஃபார்வேர்டிங்’ என்பதிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம் ஃபில்டர் உருவாக்கும்போது ‘ஃபார்வேர்டு இட் டு’ என்ற கட்டத்தில் அந்த முகவரியைத் தேர்ந்தெடுக்கலாம். வங்கி, காப்பீடு, பில் என்று சொற்களைக் கொடுத்துப் பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இது வேண்டாம். எந்த மெயில் பின்னால் தேவைப்படும் என்று இன்றே கணிக்க முடியாது. எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள், தேடல் பெட்டி இருக்கிறது.

சோதித்துப் பாருங்கள், மூன்றாவது கணக்கிலிருந்து

அமைத்த கையோடு எல்லோரும் நகல் கணக்கிலிருந்தே முதல் கணக்குக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பார்கள். அது திரும்பி வந்து இன்பாக்ஸில் நிற்கும் என்று காத்திருப்பார்கள். நகல் கணக்கு ஜிமெயிலாக இருந்தால் வராது. ஒவ்வொரு மெயிலுக்கும் தனி அடையாள எண் ஒன்று உண்டு. அதே எண்ணுள்ள மெயில் ஏற்கெனவே ‘சென்ட்’ பகுதியில் இருப்பதைப் பார்த்து, ஜிமெயில் அதை இரண்டாவது முறை இன்பாக்ஸில் காட்டாது. ஃபார்வேர்டிங் சரியாகவே இருக்கும், நாம்தான் தப்பு நடந்துவிட்டதென்று எல்லாவற்றையும் கலைத்துப் போடுவோம்.

எனவே மூன்றாவதாக ஒரு கணக்கிலிருந்து, அல்லது நண்பர் ஒருவரிடம் சொல்லி, மெயில் அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும், கூடவே ஒரு பிடிஎஃப் இணைக்கச் சொல்லுங்கள். வந்ததும் நகல் கணக்கில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். அனுப்புநராக நண்பரின் பெயர் தெரிகிறதா, தேதியும் நேரமும் சரியா, தமிழ் எழுத்துகள் உடையாமல் இருக்கின்றனவா, பிடிஎஃப் திறக்கிறதா. பிறகு முதல் கணக்குக்குப் போய் அங்கேயும் அந்த மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக முதல் கணக்கில் அதை அழித்துவிட்டு, நகல் கணக்கில் இன்னும் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மற்ற சேவைகளில்

அவுட்லுக் டாட் காமில் செட்டிங்ஸுக்குள் ‘மெயில்’, அதற்குள் ‘ஃபார்வேர்டிங்’ பகுதி. ‘எனேபிள் ஃபார்வேர்டிங்’ என்பதை டிக் செய்து முகவரியைக் கொடுத்ததும், கீழே ‘கீப் எ காப்பி ஆஃப் ஃபார்வேர்டட் மெசேஜஸ்’ என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்ய மறந்தால் மெயில் அங்கே தங்காது. ஐகிளவுடில் இது தலைகீழாக இருக்கும். ‘டெலீட் மெசேஜஸ் ஆஃப்டர் ஃபார்வேர்டிங்’ என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஒன்றில் டிக் வேண்டும், மற்றதில் டிக் கூடாது. அதனால் வாசகத்தைப் படித்துவிட்டே கை வையுங்கள்.

யாஹூவில் தானியங்கி ஃபார்வேர்டிங் 2021 தொடக்கத்திலிருந்து கட்டணச் சேவைக்கு மட்டும்தான். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் தண்டர்பேர்டு போன்ற ஒரு மென்பொருளில் ஐமேப் மூலம் இணைத்து, அதிலிருந்து நகலெடுக்க வேண்டியிருக்கும்.

அலுவலக மெயில் தனிக் கதை. மைக்ரோசாஃப்ட் 365-ல் வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வேர்டு ஆவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். தடுக்கப்படாவிட்டாலும், நிறுவனத்தின் மெயில் நிறுவனத்துக்குச் சொந்தம். கேட்காமல் சொந்தக் கணக்குக்குத் திருப்பிவிட்டால் வேலைக்கே ஆபத்தாக முடியலாம். ஐடி பிரிவிடம் கேளுங்கள். பல இடங்களில் அவர்களே சர்வரில் காப்பகம் வைத்திருப்பார்கள்.

சொந்த டொமைன் வைத்திருந்தால்

ஹோஸ்டிங் வாங்கி சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு வழிகள் அதிகம், வழுக்கும் இடங்களும் அதிகம்.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ‘ஃபார்வேர்டர்ஸ்’ என்ற பகுதி இருக்கும். அதில் ஒரு முகவரியைச் சேர்க்கும் முன், அந்தப் பெயரில் உண்மையான மெயில்பாக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெயில் அங்கேயும் தங்கும், நகலும் போகும். மெயில்பாக்ஸ் இல்லாமல் ஃபார்வேர்டர் மட்டும் இருந்தால் மெயில் சர்வரைத் தொட்டுவிட்டு அப்படியே போய்விடும், எதுவும் தங்காது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதால், நகல் கணக்கு ஒருநாள் மெயிலை ஏற்க மறுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

வெப்மெயிலாக ரவுண்ட்கியூப் கொடுத்திருந்தால், செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஃபில்டரின் செயலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இரண்டு வரிகள் கிட்டக்கிட்ட இருக்கும். ‘ரீடைரக்ட் மெசேஜ் டு’ ஒன்று, ‘சென்ட் மெசேஜ் காப்பி டு’ இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. இதன் பின்னால் ஓடுவது சீவ் என்ற வடிகட்டி மொழி. அதில் ரீடைரக்ட் என்று மட்டும் எழுதினால், மெயிலை இன்பாக்ஸில் வைக்கும் இயல்பான வேலை ரத்தாகிவிடும். கூடவே காப்பி என்ற குறிப்பு இருந்தால்தான் இரண்டு இடத்திலும் இருக்கும்.

யூனிக்ஸ் சர்வரில் நேரடியாக வேலை செய்பவர்களுக்கு ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் ஃபார்வேர்டு ஃபைல் தெரிந்திருக்கும். அதில் வெளி முகவரியை மட்டும் எழுதினால் மெயில் வெளியே போய்விடும். முதலில் ஒரு பின்சாய்வுக் கோடும் உங்கள் பயனர் பெயரும், பிறகு காற்புள்ளி, பிறகு வெளி முகவரி. பின்சாய்வுக் கோடு, இந்தப் பெயரை மறுபடி ஃபார்வேர்டு செய்யாமல் இங்கேயே போடு என்று சர்வருக்குச் சொல்கிறது.

இந்த ஊர்வலத்தில் வட்டம் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கு நகல் கணக்குக்கு அனுப்ப, நகல் கணக்கு மறுபடி முதலுக்கே அனுப்பும்படி அமைத்துவிட்டால் ஒரே மெயில் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வர்கள் இதைக் கண்டுபிடித்து ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் இயல்பாக 50 தாவல்களுக்கு (ஒரு சர்வரிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) மேல் விடாது. நின்ற மெயில், டெலிவரி ஆகவில்லை என்று அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அவர் குழம்பிப் போவார். நகல் கணக்கில் எந்த ஃபார்வேர்டிங்கும், விடுமுறை ஆட்டோ ரிப்ளையும் வைக்காமல் இருந்தாலே போதும்.

நகல் ஏன் ஸ்பேமில் போய் விழுகிறது?

ஃபார்வேர்டிங் அமைத்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் முதல் கேள்வி இது. காரணத்தைப் புரிந்துகொண்டால் தீர்வு எளிது.

ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியலை அந்த டொமைன் வெளியிட்டிருக்கும். இதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். வங்கியிலிருந்து மெயில் வரும்போது, அனுப்பும் சர்வர் வங்கியின் பட்டியலில் இருக்கும். ஆனால் நம் சர்வர் அதை நகல் கணக்குக்கு அனுப்பும்போது என்ன ஆகிறது? வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வங்கியின் பட்டியலிலேயே இல்லாத ஒரு சர்வர் வந்து நிற்கிறது. வாங்கும் சர்வருக்கு இது போலி மெயில் மாதிரித்தான் தெரியும்.

இதைச் சமாளிக்க எஸ்ஆர்எஸ் என்ற முறை உண்டு. மெயிலின் உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரியை மட்டும், ஃபார்வேர்டு செய்யும் சர்வர் தன் டொமைனுக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். நாம் திரையில் பார்க்கும் பெயர் மாறாது. இன்னொரு பக்கம் டிகிம் கையொப்பம், அதாவது அனுப்பும் டொமைன் மெயிலில் பதிக்கும் டிஜிட்டல் முத்திரை. மெயிலின் உள்ளடக்கம் மாறாதவரை அது ஃபார்வேர்டு ஆன பிறகும் செல்லுபடியாகும். இவற்றின் முடிவை அனுப்புநரின் டொமைனோடு ஒப்பிடும் டிமார்க் சோதனைக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று ஒழுங்காகப் பொருந்தினால் போதும், அதனால் கையொப்பமிட்ட மெயில்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. உங்கள் சர்வர் மெயிலின் அடியில் விளம்பர வரியையோ, தலைப்பில் ‘வெளியிலிருந்து வந்தது’ போன்ற குறிப்பையோ சேர்த்தால் கையொப்பம் உடையும். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் ஹோஸ்டிங்காரர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஃபார்வேர்டு ஆகும் மெயிலுக்கு எஸ்ஆர்எஸ் இயங்குகிறதா? நகல் கணக்கு ஜிமெயிலில் இருந்தால் ஒரு மெயிலைத் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே வரிசையாக இருக்கும்.

நம் பக்கம் செய்யக்கூடியது ஒரு ஃபில்டர். நகல் கணக்கு ஜிமெயில் என்றால், ‘டு’ கட்டத்தில் முதல் கணக்கின் முகவரியைக் கொடுத்து, ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்’ என்பதை டிக் செய்யுங்கள். இதில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மெயிலிங் லிஸ்ட் வழியாகவோ, மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் அனுப்பும் பிசிசி-யாகவோ வந்தவற்றில் உங்கள் முகவரி ‘டு’ பகுதியில் இருக்காது என்பதால் அவை தப்பலாம். ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், எனவே மாதம் ஒருமுறையாவது ஸ்பேமைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் கணக்கின் ஸ்பேமில் விழுந்த மெயிலை ஜிமெயில் ஃபார்வேர்டே செய்யாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அங்கே ஒரு நல்ல மெயில் தவறிப்போய் விழுந்திருந்தால் அதற்கு நகலும் இருக்காது.

தானாக வராதவை

அனுப்பும் மெயில் வராது. ஃபார்வேர்டிங் என்பது வரும் மெயிலுக்கு மட்டும். பதில் வந்தால் அதற்குள் நீங்கள் எழுதியதும் பெரும்பாலும் இருக்கும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, எல்லோரும் பழையதை வைத்துக்கொண்டு பதில் எழுதுவதில்லை. தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புக்குள் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பகுதியில், ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு முகவரியைத் தானாக பிசிசி-யில் சேர்க்கும் வசதி உண்டு. நகல் முகவரியை அங்கே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஜிமெயிலின் வலைப்பக்கத்தில் இப்படித் தானாகச் சேர்க்கும் அமைப்பு கிடையாது, முக்கியமானவற்றுக்குக் கையால்தான் பிசிசி போட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரை நடத்துபவர்கள் அனுப்புநருக்கான பிசிசி மேப்பை அமைத்தால் சர்வரே பார்த்துக்கொள்ளும்.

பழைய மெயிலும் வராது. அமைத்த நொடிக்குப் பிறகு வருவதுதான் போகும். இருப்பதை நகர்த்த, தண்டர்பேர்டில் இரண்டு கணக்குகளையும் ஐமேப்பில் இணைத்து, மெயில்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் ‘காப்பி டு’ கொடுங்கள். ‘மூவ்’ கொடுத்துவிடாதீர்கள். ஆண்டுவாரியாக, சில நூறு மெயில்களாகச் செய்யுங்கள். ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு ஏற்றும் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது, ஒரேயடியாகத் தள்ளினால் நடுவில் நின்றுவிடும். கூகுள் டேக்அவுட்டில் மொத்தத்தையும் ஒரே ஃபைலாக இறக்கிக்கொள்வது இன்னொரு வழி.

பெரிய மெயில்கள் சில வராமல் போகலாம். அட்டாச்மென்ட் அனுப்பப்படும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். ஒரு சேவை ஏற்றுக்கொண்ட அளவை இன்னொரு சேவை ஏற்க வேண்டும் என்பதில்லை. ட்ரைவ் லிங்க்காக வந்த ஃபைல்களுக்கு நகலில் இருப்பது லிங்க் மட்டும். அனுப்பியவர் ஃபைலை எடுத்துவிட்டால் அசலிலும் நகலிலும் ஒன்றும் இருக்காது. அந்த ஃபைல் முக்கியம் என்றால் அன்றைக்கே இறக்கி வையுங்கள்.

மென்பொருள் விதிகளில் ஃபார்வேர்டும் ரீடைரக்டும்

அவுட்லுக் மென்பொருளில் விதி எழுதும்போது ‘ஃபார்வேர்டு’, ‘ஃபார்வேர்டு அஸ் அட்டாச்மென்ட்’, ‘ரீடைரக்ட்’ என்று மூன்று வரும். ஃபார்வேர்டு கொடுத்தால் நீங்களே புதிதாக ஒரு மெயில் எழுதி அனுப்பியதாக ஆகிவிடும். அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கும், அசலின் தலைப்புத் தகவல்கள் போய்விடும், பின்னாளில் அனுப்புநர் பெயரால் தேடினால் கிடைக்காது. இங்கே காப்பகத்துக்கு ரீடைரக்ட்தான் பொருத்தம், மேலே ரவுண்ட்கியூபில் வேண்டாம் என்று சொன்ன ரீடைரக்ட் வேறு. பின்னால் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கும் மெயில் என்றால் அட்டாச்மென்டாக அனுப்புவது நல்லது, அசல் மெயில் அதன் தலைப்புத் தகவல்களோடு முழுதாக உள்ளே இருக்கும்.

பாதுகாப்பு

நகல் கணக்குக்குள் நுழைபவருக்கு உங்கள் முழு மெயிலும் கிடைக்கும். அதைவிட முக்கியம், மற்ற இணையதளங்களின் பாஸ்வேர்டு மாற்றும் மெயில்களும் அங்கே வந்துகொண்டிருக்கும். ‘சும்மா நகல்தானே’ என்று லேசான பாஸ்வேர்டு வைத்தால், பின்வாசலைத் திறந்து வைத்ததாக ஆகிவிடும். முதல் கணக்குக்கு எவ்வளவு காவலோ, இதற்கும் அவ்வளவு.

திருடர்களுக்கும் ஃபார்வேர்டிங் பிடிக்கும். ஒருவர் கணக்குக்குள் நுழைந்ததும் ஓசைப்படாமல் ஒரு ஃபார்வேர்டிங் விதியை எழுதிவிட்டு வெளியேறுவது பரவலான தந்திரம். உரிமையாளர் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஃபார்வேர்டிங் பக்கத்தையும் ஃபில்டர் பட்டியலையும் அவ்வப்போது பார்த்து, நீங்கள் வைத்த முகவரியைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தெரியாத முகவரி இருந்தால் அதை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, மற்ற சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள்.

அழிக்க வேண்டியதை இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும் என்பதும் இதில் சேரும். யாரோ அவர்களுடைய அடையாள அட்டையை அனுப்பி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள் என்று கேட்டால், நகல் கணக்கிலும் போய் அழித்தால்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகும்.

பராமரிப்பு

நகல் கணக்கு ஓசையில்லாமல் செத்துப்போகும் வழி ஒன்று உண்டு. 2 ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டும் 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது நுழைய வேண்டும் என்கிறது. மெயில் வந்து குவிவது ‘பயன்பாடு’ ஆகாது. நாம் நுழைந்தால்தான் கணக்கில் சேரும். அமைத்துவிட்டு மறந்துபோகும் நகல் கணக்குக்கு இது நேரடி ஆபத்து. ஃபோன் காலண்டரில் மாதம் ஒருமுறை நினைவூட்டல் வையுங்கள். நுழைந்ததும் கடைசி மெயிலின் தேதியைப் பாருங்கள். அது நேற்றோ இன்றோ இல்லாமல் போன மாதத்தில் நின்றிருந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. ஸ்பேமையும் மீதமுள்ள இடத்தையும் பாருங்கள். இடம் நிறைந்தால் நகல் கணக்கு மெயிலை ஏற்காது, சில சர்வர்களில் அந்த மறுப்பு உங்களுக்கு எழுதியவருக்கே போய்ச் சேரும்.

ஒருநாள் நகலிலிருந்து பதில் எழுத நேர்ந்தால், அனுப்பும் முகவரியைக் கவனியுங்கள். பதில் சரியான ஆளுக்குத்தான் போகும், ஆனால் நகல் கணக்கின் முகவரியிலிருந்து போகும். ரகசியமாக வைத்த முகவரி அப்படித்தான் வெளியே தெரிந்துவிடும்.

நகல் கணக்கை மாற்றும்போது வரிசை முக்கியம். புதிய முகவரியைச் சேர்த்து, சோதித்து, ஒரு வாரம் ஓடவிட்டு, பிறகு பழையதை நீக்குங்கள். நகல் முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருந்து, அந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட நினைத்தால், அதற்கு முன் ஃபார்வேர்டிங்கை நிறுத்திவிடுங்கள். காலாவதியான டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதில் ஒரு மெயில் சர்வரை வைத்தால், அன்றிலிருந்து உங்கள் மெயிலின் நகல் அவருக்குப் போகும், உங்கள் இன்பாக்ஸில் எந்த மாற்றமும் தெரியாது.